பூமாவின் இரத்தமும் நம் வீட்டு எலி மருந்தும்

(சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, குத்துவிளக்கேற்றி வைத்த பிரதேச செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, எனக்கு முன்னர் பேசி எனக்குரிய நேரத்திலும் ஒரு பகுதியை அன்போடு எடுத்துக்கொண்ட கவிஞர் அவர்களே, பெரியோர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இந்த வாசிகசாலையின் வாங்கில் இருந்து பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். இன்று இங்கே பொன்னாடையோடு நிற்பதை அப்பாச்சி கண்டிருந்தால், "இந்த வெக்கைக்குள்ள இது என்னத்துக்கு?" என்றுதான் கேட்டிருப்பார்.

பூமா என்று தலைப்பு அறிவிக்கப்பட்டதும் பின்வரிசைத் தம்பிமார் சிலர் தங்கள் சப்பாத்தைக் குனிந்து பார்த்ததை நான் கவனித்தேன். நான் சொல்லவந்தது கனடாவின் யூக்கோன் பகுதி தொடக்கம் தென்னமெரிக்காவின் தென்கோடி வரை வாழும் பெரிய பூனையைப் பற்றி. மலைச்சிங்கம் என்பதும் அதுவே. ஆயினும் அது சிங்கத்தைப் போலக் கர்ச்சிக்காது. மடியில் கிடக்கும் வீட்டுப் பூனையைப் போல் 'குர்ர்' என்று ஒலியெழுப்பும். அதன் வாழ்வியல்பு, அதைப் பீடிக்கும் நோய்கள், அதைக் காக்கும் முயற்சிகள் ஆகிய மூன்றையும் பற்றிப் பேச எண்ணியுள்ளேன்.

1964 இல் மொரிஸ் ஹோர்னொக்கர் என்னும் ஆய்வாளர் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பனிமலைகளில், நாய்களை விட்டுப் பூமாக்களை மரத்தில் ஏற்றி, மயக்க மருந்து செலுத்தி, அடையாளமிட்டு, மீண்டும் காட்டிலே விட்டு, ஆண்டுக்கணக்காக அவற்றைத் தொடர்ந்தார். தொலைத்து ஒழிக்கவேண்டிய பிராணி என்று அதுவரை கருதப்பட்ட பூமா தனக்கென எல்லை வகுத்துத் தனித்து வாழ்கிறது என்பது அந்த அலைச்சலின் பயனாகத் தெரியவந்தது. புளோரிடாவிலோ வேறு கதை. 1990களின் தொடக்கத்தில் அங்கே இருபது முப்பதே எஞ்சியிருந்தன. உறவுக்குள்ளேயே பெருகியதால் வால் நுனி வளைந்தும், இதயத்தில் துளையோடும் குட்டிகள் பிறந்தன. 1995 இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அங்கே வளர்ந்தவை மட்டும் 120 முதல் 230 வரை இருக்கலாம் என்பது அந்த மாநில வனவிலங்குத் துறையின் மதிப்பீடு. ஒன்றுவிட்ட சகோதரங்களுக்குள் சம்பந்தம் பேசுவதற்கு முன்னர் நம்மவர்களும் இதைச் சற்று யோசிக்கலாம். அது வேறொரு மேடைக்குரிய பேச்சு.

நான் இன்று இங்கு வந்ததற்குக் காரணமான பூமாவுக்குப் பெயர் இல்லை, இலக்கம்தான்: பி-22. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் இரண்டு பெருந்தெருக்களைக் கடந்து வந்து, 2012 முதல் கிரிஃபித் பூங்காவில் துணையின்றித் தனித்து வாழ்ந்த ஆண் அது. 2014 இல் அதைப் பிடித்துப் பார்த்தபோது முகமெல்லாம் சொறி பிடித்து, கண் சுருங்கி, பார்க்கச் சகிக்காத கோலத்தில் இருந்தது. இரத்தத்தைச் சோதித்தார்கள். அதில் எலி மருந்து இருந்தது.

பூமா எலி மருந்தைத் தேடித் தின்னவில்லை. எலி தின்றது, எலியைத் தின்ற பிராணியைப் பூமா தின்றது. இரத்தம் உறைவதற்கு ஈரலுக்கு விற்றமின் கே வேண்டும். அதனை மீளப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதே இவ்வகை மருந்தின் வேலை. தின்ற எலி உடனே சாகாமல் சில நாள் தள்ளாடித் திரிவதால், பிடித்துத் தின்ன வருவனவற்றுக்கு அதுவே எளிய இரையாகிறது. 'எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல' என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது இதைத்தான்.

இந்தப் பழமொழியை நான் அப்பாச்சியின் வாயால் கேட்டேன். கோயில் தேருக்கென்று சித்தப்பா பெட்டகத்தில் வைத்திருந்த பட்டு வேட்டியை எலி அரித்துவிட்டது. அரித்தது கரையை அல்ல, கட்டினால் சரியாக முன்னுக்கு வரும் இடத்தை. சித்தப்பா அன்றே சந்திக்குப் போய் மருந்து வாங்கிவந்து, நெத்தலிக் கருவாட்டைப் பொரித்து, சோற்றோடு பிசைந்தார். பொரியல் மணத்துக்கு நாங்கள் குசினிக்குள் போக, எங்களைத் துரத்துவதற்கே ஒரு ஆள் தேவைப்பட்டது. "எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதை தம்பி" என்றார் அப்பாச்சி. வேட்டி போன கோபத்தில் இருந்தவருக்குக் காது கேட்கவில்லை. நாலாம் நாள் பட்டப்பகலில் ஒரு எலி, கள்ளுக் குடித்தவர் போல முற்றத்தைக் கடந்து போனது. நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். எங்கள் பூனை கறுப்பி அதைக் கவ்விக்கொண்டு போனது. சில நாள் கழித்துக் கறுப்பி கிணற்றடியில் மூக்கால் இரத்தம் வடியக் கிடந்தது. அதே சித்தப்பா அதை உமலுக்குள் வைத்து, சைக்கிள் கைபிடியில் கொழுவிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினார். திரும்பி வரும்போது உமல் அசையவில்லை. அந்தக் கிழமையே வேலியோரப் பனையின் கீழ் ஒரு ஆந்தை சிறகு விரித்தபடி செத்துக் கிடந்தது. இரண்டு மாதத்தில் எலிகள் மறுபடியும் வந்தன, பிடிக்கத்தான் ஆளில்லை.

பி-22க்கு விற்றமின் கே ஏற்றினார்கள், அது தேறியது, மேலும் எட்டு ஆண்டு வாழ்ந்து 2022 டிசம்பரில் இறந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் அமைந்துள்ள கலிபோர்னியா மாநிலம் 2021 முதல் கடுமையான எலி மருந்துகளின் பெரும்பாலான பாவனையைத் தடைசெய்திருக்கிறது. பாதுகாப்பு முயற்சிகளைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வந்தேன். தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

ஆகவே கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பூமா இல்லை, சிறுத்தையும் இல்லை. காட்டுப்பூனை இருக்கிறது, மரநாய், கீரி, சாரை, ஆந்தை இருக்கின்றன. இவை கூலி கேளாமல் எலி பிடிப்பவை. வருகிற காலபோகத்துக்கு நம் வயல்களிலும் தோட்டங்களிலும் எலி மருந்து வைப்பதில்லை என்று இந்தக் கிராமம் முடிவெடுக்க வேண்டும். மலேசியாவில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களில் ஆந்தைக்குக் கூட்டுப்பெட்டி வைத்து எலியைக் கட்டுப்படுத்துகிறார்கள். எலிக்குப் பயந்து அவர்கள் வீட்டைக் கொளுத்தவில்லை. பத்துப் பெட்டிக்குப் பலகை தருவதாக நம் மரக்காலை முதலாளி இந்த மேடையில் வைத்தே தலையாட்டியிருக்கிறார். அவர் மறுப்பதற்குள் அனைவரும் பார்த்துக்கொள்ளுங்கள். வளவில் பெட்டி வைக்கச் சம்மதிப்போர் பெயர் எழுத வாசலடி மேசையில் கொப்பி இருக்கிறது. பேனையைக் கட்டித்தான் வைத்திருக்கிறோம்.