மாயாமாளவகௌளையில் ஓர் அலை

நேயர்களுக்கு வணக்கம்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொடையில் தாளம் தட்டிக்கொண்டு சரளி வரிசை பாடிய நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது. முதலாம் காலத்தின் நிதானத்தில் தூக்கம் வரும், மூன்றாம் காலத்தின் வேகத்தில் மூச்சு வாங்கும். ஸ ரி க ம ப த நி ஸ. கர்நாடக இசையின் தாய் ராகங்களான மேளகர்த்தாவில் பதினைந்தாவது, மாயாமாளவகௌளை. ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே ஒரு தாண்டல் இருக்கும். அந்தத் தாண்டலில் குரல் சறுக்கினால் டீச்சர் நிமிர்ந்து பார்ப்பார்.

இதே ஏழு ஸ்வரங்களை 1962-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாக் கடற்கரையில் ஒருவர் எலெக்ட்ரிக் கிட்டாரில், இடி இடிக்கிற மாதிரி வாசித்தார். பெயர் டிக் டேல். மெட்டின் பெயர் ‘மிசிர்லூ’. இன்று நான் பேச வந்தது அறுபதுகளில் வந்த கடற்கரைப் படங்களின் பாட்டுகளைப் பற்றி. அதற்கு ஏன் மாயாமாளவகௌளையில் தொடங்குகிறேன் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அங்கேயே திரும்பி வருகிறேன்.

முதலில் படங்கள். அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்று ஒரு கம்பெனி. ஜேம்ஸ் நிக்கல்சன், சாமுவேல் ஆர்காஃப் என்ற இரண்டு பேர் நடத்தியது. குறைந்த செலவு, குறைந்த நாட்கள், பெரிய போஸ்டர். பல சமயம் தலைப்பும் போஸ்டரும்தான் முதலில் பிறக்கும், கதை பிறகு தேடப்படும். காருக்குள் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் கொட்டகைகள்தான் அவர்களுக்குச் சோறு போட்டன. அவர்கள் வைத்திருந்த கணக்கும் வேடிக்கையானது. பெரியவன் பார்ப்பதைச் சின்னவன் பார்ப்பான், பையன் பார்ப்பதைப் பெண்ணும் பார்ப்பாள், ஆனால் மாற்றிச் சொன்னால் நடக்காது. ஆகவே பத்தொன்பது வயதுப் பையனைக் குறிவைத்துப் படம் எடு. கணக்கு சரியா தப்பா என்பது வேறு விஷயம். கல்லா நிறைந்தது.

1963-ல் ‘பீச் பார்ட்டி’ வந்தது. வில்லியம் ஆஷர் இயக்கம், ஃபிரான்கி அவலான், ஆனெட் ஃபூனிசெல்லோ ஜோடி. அடுத்த இரண்டு வருடங்களில் ‘மஸில் பீச் பார்ட்டி’, ‘பிகினி பீச்’, ‘பீச் பிளாங்கெட் பிங்கோ’ என்று வரிசையாக. எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே கதை. கடற்கரையில் ஒரு கும்பல். காதலர்களுக்குள் ஊடல். ஒருவரை ஒருவர் பொறாமைப்பட வைக்க நாடகம். நடுவே மோட்டார் சைக்கிளில் வந்து சொதப்பும் ஒரு கோமாளி வில்லன். கடைசியில் அடிதடி, சமாதானம். அப்பா அம்மா என்று ஒருவரும் கண்ணில் பட மாட்டார்கள். யாருக்கும் வேலை இல்லை, பரீட்சை இல்லை, சோறு யார் ஆக்குகிறார்கள் என்பதும் தெரியாது.

கதையைப் பற்றி இவ்வளவு போதும். படம் எடுத்தவர்களும் இதற்கு மேல் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பாட்டுக்கு வருவோம். மணலில் நின்றுகொண்டு எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார்கள், ஒயரே இருக்காது. மணலில் மின்சாரம் ஏது? நமக்கு இது புதிதில்லை, மரத்தைச் சுற்றும்போது வயலின் கோஷ்டி எங்கே என்று நாம் கேட்டதே இல்லை. அலைமேல் நிற்கும் நாயகனும் அப்படித்தான். பின்னால் திரையில் கடல் ஓடும், முன்னால் ஸ்டூடியோவில் பலகைமேல் அவர் ஆடிக்காட்டுவார். தூரத்துக் காட்சியில் நிஜமாக அலை ஏறியவர்கள் வேறு ஆட்கள். மிக்கி டோரா என்று மலிபூ கடற்கரையின் பேர்பெற்ற அலைச்சறுக்கு வீரர், அவர்களில் ஒருவர். இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு மலிபூவில் கூட்டம் வந்து குவிகிறது என்று கடைசிவரை எரிந்து விழுந்தவரும் அவரேதான். கூலியும் வாங்கினார், திட்டவும் செய்தார். மனுஷன்தானே.

கதாநாயகி ஆனெட்டின் குரலைக் கேட்டிருக்கிறீர்களா? வால்ட் டிஸ்னியின் ‘மிக்கி மவுஸ் கிளப்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 1955-ல் சிறுமியாக அறிமுகமானவர். குரல் சின்னது, ஒல்லியானது, அவரும் அதை மறைத்தவரில்லை. டிஸ்னியின் இசைத் தயாரிப்பாளர் டுட்டி கமராட்டா ஒரு வழி கண்டுபிடித்தார். ஆனெட் ஒருமுறை பாடியதைப் பதிவுசெய்து, அதைக் கேட்டுக்கொண்டே அவரையே இன்னொருமுறை பாடவைத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே கொஞ்சம் எதிரொலி தூவினார். இரண்டு ஆனெட்டுகளும் அச்சாக ஒன்றுபோலப் பாட முடியாதல்லவா, அந்த மயிரிழை வித்தியாசத்தில்தான் குரல் தடிக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் குளியலறையில் பாடுகிறாள், கூடவே அவள் தங்கையும் பாடுகிறாள் என்பது போல ஒரு சுகம். பெரிய பாடகிகள் பலருக்கு வாய்க்காத அடையாளம் அந்தச் சின்னக் குரலுக்கு அமைந்துவிட்டது. எனக்கு அவரைப் பிடிக்கும், சொல்லிவிடுகிறேன்.

பாட்டு எழுதியவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ‘மஸில் பீச் பார்ட்டி’யின் பாட்டுகளில் கேரி அஷர், ராஜர் கிறிஸ்டியன் ஆகியோருடன் பிரையன் வில்சனின் கையும் இருந்தது. பீச் பாய்ஸ் குழுவின் மூளை அவர். அந்தக் குழுவில் நிஜமாக அலைச்சறுக்கு தெரிந்தவர் அவருடைய தம்பி டென்னிஸ் ஒருவர்தான். ஹாண்டெல்ஸ் என்ற குழுவின் கதை இன்னும் வேடிக்கை. ஹோண்டா மோட்டார் சைக்கிளைப் பற்றி பிரையன் வில்சனும் மைக் லவ்வும் எழுதிய ஒரு பாட்டை கேரி அஷர் ஸ்டூடியோ ஆட்களை வைத்துப் பதிவுசெய்து, ஹாண்டெல்ஸ் என்று பெயர் ஒட்டி வெளியிட்டார். அது 1964-ல் அமெரிக்கப் பட்டியலில் ஒன்பதாம் இடம்வரை ஏறியது. பாட்டு ஓடிவிட்டது, குழுவைக் காட்டு என்கிறார்கள். குழுவே இல்லையே! அப்புறம்தான் ஆள் பிடித்துக் குழு சேர்த்தார்கள். பிள்ளை பிறந்தபிறகு பெண் பார்த்த கதை.

இந்த விளையாட்டுப் படங்களுக்குள் சில நேரம் பெரிய கலைஞர்கள் நுழைந்துவிடுவார்கள். ‘மஸில் பீச் பார்ட்டி’யில் பதின்மூன்று வயது ஸ்டீவி வொண்டர் வருகிறார். அவர் திரையில் தோன்றிய முதல் படமே அதுதான். 1965-ல் இதே கம்பெனி கடற்கரையிலிருந்து பனிமலைக்குப் போய் ‘ஸ்கீ பார்ட்டி’ எடுத்தது. அதில் ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவோடு மலை மீட்புப் படையாக, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, ஒரு பாட்டில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். அந்தப் பாட்டில் அவர் கால்கள் செய்வதை மட்டும் பார்த்தாலே கொடுத்த காசு தீர்ந்தது.

பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. ஆடும் கும்பல் முழுக்க வெள்ளைப் பிள்ளைகள். இந்த இருவரைப் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் வருவார்கள், பாடுவார்கள், போவார்கள். அந்த மணலில் துண்டு விரித்து உட்கார மாட்டார்கள். அதே கரையில் அவர்கள் இல்லாமல் போகவில்லை. சான்டா மோனிக்காவில் கறுப்பின மக்கள் கூடிய ஒரு துண்டுக் கடற்கரை இருந்தது. அதை ‘இங்க்வெல்’, மைக்கூடு, என்று மற்றவர்கள் ஏளனமாக அழைத்தார்கள். அங்கே அலைச்சறுக்கு கற்ற நிக் கபால்டோன் என்ற இளைஞர் பலகைமேல் படுத்துக் கையால் துடுப்புப் போட்டே பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கும் மலிபூவுக்குப் போவார். 1951-ல் அந்த மலிபூ அலையிலேயே, கடலுக்குள் நீளும் பாலத்தின் தூணில் மோதி இறந்தார். ‘பீச் பார்ட்டி’ வருவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு. அந்தப் படங்களின் கடற்கரையில் அவர் மாதிரி ஒருவர் இல்லை.

சரி, டிக் டேல்.

‘பீச் பார்ட்டி’யில் வாத்தியக் குழுவோடு நிற்பவர் அவர்தான். அசல் பெயர் ரிச்சர்ட் மன்சூர். பாஸ்டனில் பிறந்தவர், தந்தைவழியில் லெபனான். வீட்டில் பெரியவர்கள் ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம் வாசிப்பார்கள், டர்பூக்கா என்ற கொட்டு தட்டுவார்கள். இவர் இடதுகைக்காரர். வலதுகைக் கிட்டாரை வாங்கி, கம்பிகளை மாற்றிக் கட்டாமல் அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தார், அதாவது தடித்த கம்பி கீழே, மெல்லிய கம்பி மேலே. நிஜமாகவே அலைச்சறுக்குப் பைத்தியம். பகலில் கடல், இரவில் பால்போவாவிலிருந்த ரான்டேவூ நடனக் கூடம். ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் வந்து ஆடுவார்கள்.

கிட்டார் செய்யும் லியோ ஃபெண்டர் அவருக்கு ஆம்ப்ளிஃபையர் கொடுத்துச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். டேல் அதை எரித்துவிட்டு வந்து நின்றார். இன்னொன்று கொடுத்தார்கள், அதுவும் போயிற்று. இப்படிப் பலவற்றைத் தீர்த்துக்கட்டியபிறகு அவருக்காகவே நூறு வாட் பெட்டி தயாரானது. இன்று மேடையில் கிட்டார் காதைக் கிழிக்கிறதென்றால், அந்த வழக்கின் முதல் குற்றவாளிகளில் இவரும் ஒருவர்.

ஃபெண்டர் கம்பெனி இன்னொரு பெட்டியும் செய்தது. ரீவெர்ப் பெட்டி. உள்ளே இருப்பது ஸ்பிரிங். கிட்டாரிலிருந்து வரும் மின்சாரம் ஸ்பிரிங்கின் ஒரு முனையை ஆட்டும். அந்த ஆட்டம் சுருள் வழியே மறுமுனைக்கு ஓடி, அங்கே மோதித் திரும்பி, மறுபடி ஓடும். மறுமுனையில் அதைப் பிடித்து மறுபடி ஒலியாக்குகிறார்கள். ஒருமுறை தட்டிய ஸ்வரம் பத்துமுறை கரைந்து கரைந்து வரும், குடத்துக்குள் சொட்டும் தண்ணீர் மாதிரி. பெட்டியைக் காலால் ஓர் எத்து எத்தினால் ஸ்பிரிங் குலுங்கி இடி விழுந்த சத்தம் கேட்கும். அந்த ஈரமான ஒலிதான் அலைச்சறுக்கு இசையின் முத்திரை என்று உலகமே நம்புகிறது. ஆனால் டேல் சொன்ன கதை வேறு. தன் பாட்டுக் குரலில் கமகம் போதவில்லை, நீட்டிப் பாடினால் மொட்டையாக நிற்கிறது, அதற்காகத்தான் ரீவெர்ப் வேண்டும் என்றாராம். குரலுக்குக் கேட்டார், கடலுக்குக் கிடைத்தது.

இப்போது மிசிர்லூ. ஒரே கம்பியில் ஒரு முழுப் பாட்டு வாசிக்க முடியுமா என்று ரசிகன் ஒருவன் அவரைக் கேட்டானாம். வீட்டில் பெரியவர்கள் ஊதில் வாசித்த பழைய மெட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. கிழக்கு மத்தியதரைக்கடல் பக்கத்து மெட்டு, கிரேக்கர்கள் 1927-லேயே இசைத்தட்டில் பதிந்தது. மிசிர்லூ என்றால் எகிப்துப் பெண். நம் ஊர் முஸ்லிம் பெரியவர்கள் எகிப்தை மிஸ்ரு என்பார்களே, அந்தச் சொல்தான். ஏக்கத்தோடு மெல்ல நடக்கும் பாட்டு. டேல் அதைப் பல மடங்கு வேகமாக்கி, ஒரே ஸ்வரத்தை மேலும் கீழும் அடித்து அடித்து அதிரவைத்தார். கம்பிகள் அவ்வளவு தடிமன், கம்பியை மீட்டக் கையில் பிடிக்கும் சின்ன வில்லையே உருகிப்போகுமாம்.

கவனித்துக் கேளுங்கள். கிட்டாரின் மிகத் தடித்த கம்பி, விரல் வைக்காமல் ஸ. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கட்டைகளில் முதல் கட்டையில் ரி. அங்கிருந்து மூன்று கட்டை தாண்டி க, அங்கே நிற்கிறார். மறுபடியும் க, ம, ப, அங்கே நிற்கிறார். அதே சுத்த ரிஷபம், அதே அந்தர காந்தாரம், டீச்சர் நிமிர்ந்து பார்த்த அதே தாண்டல். அரபிகள் இதை ஹிஜாஸ் கார் என்பார்கள். நாம் மாயாமாளவகௌளை என்கிறோம். அமெரிக்கக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது அலை.

எனக்குள்ள குறை ஒன்றுதான். கடற்கரைப் படக்காரர்கள் இவரை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? ‘பீச் பார்ட்டி’யில் வாய்ப்பாட்டு பாடவைத்தார்கள். நல்ல சிரிப்பு, நல்ல சட்டை, துள்ளல் பாட்டு. மிசிர்லூவைக் காணோம். படத்தில் கடல் திரைச்சீலையில் ஓடியது. நிஜக் கடலைக் கையில் வைத்திருந்தவர் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

1964 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்காவில் இறங்கினார்கள். ‘பிகினி பீச்’ படத்தில் அவலானே இரட்டை வேடத்தில் விக் வைத்து ஓர் ஆங்கிலேயப் பாடகனாக வந்து அவர்களைக் கேலிசெய்தார். கேலி எடுபட்டது, காலம் எடுபடவில்லை. 1966-ல் பேயையும் பிகினியையும் சேர்த்து எடுத்த படம் படுத்துவிட்டது. அதே வருடம் ஆகஸ்டில் ரான்டேவூ கூடமும் தீப்பிடித்து எரிந்துபோனது. வியட்நாமுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த நாட்டில், பத்தொன்பது வயதுப் பையனுக்குக் கடிதம் வேறு இடத்திலிருந்து வரத் தொடங்கியிருந்தது.

1987-ல் அவலானும் ஆனெட்டும் நடுவயதுத் தம்பதியாக, தங்களையே கிண்டல் செய்துகொண்டு ‘பேக் டு தி பீச்’ படத்தில் திரும்பி வந்தார்கள். அதில் டேலும் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வானும் சேர்ந்து ‘பைப்லைன்’ என்ற வாத்திய மெட்டை வாசித்தார்கள். ஒருவழியாகப் பாட்டை விட்டுக் கிட்டாரைக் கேட்டார்கள். ஆனெட்டுக்கு நரம்புநோய் வந்திருந்ததை 1992-ல் அவரே வெளியே சொன்னார், 2013-ல் மறைந்தார். மிசிர்லூ 1994-ல் ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தின் தொடக்கத்தில் மறுபடி இடித்தது. எண்பதைத் தொடும் வயதிலும் டேல் மேடை ஏறிக்கொண்டிருந்தார். ஆசைக்கு மட்டுமில்லை, மருத்துவச் செலவுக்கும்தான் என்று அவரே சொன்னார். 2019 மார்ச்சில் காலமானார்.

என் பேச்சு முடிந்ததும் நிலையத்தார் மிசிர்லூவை ஒலிபரப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டேகால் நிமிடம்தான். சரளி வரிசை படித்தவர்கள் தொடையில் தாளம் போட்டுக் கூடவே பாடிப் பாருங்கள். மூன்றாம் காலம் போதாது, சொல்லிவிட்டேன்.

வணக்கம்.