முதல் ஆடிஷன் வீடியோ: வீட்டில் இருக்கும் போனை வைத்தே எடுப்பது எப்படி?

[திரையில்: வெற்றுச் சுவர். எதிரே ஸ்டாண்டில் ஒரு போன்.]

வணக்கம். நடிக்க ஆசை இருக்கிறது, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்பவர்களுக்கான வீடியோ இது. போட்டோ ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு சென்னையில் வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் என்று சினிமா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது முதல் சுற்று பெரும்பாலும் போனிலேயே முடிந்துவிடுகிறது. "ஒரு நிமிஷ வீடியோ அனுப்புங்க" என்பார்கள் நடிகர்களைத் தேர்வு செய்பவர்கள். அந்த ஒரு நிமிஷத்தை உருப்படியாகச் செய்யக் கற்றுக்கொள்ளலாம், நிச்சயமாக.

முதலில் காட்சி. அவர்கள் வசனம் அனுப்பினால் அதுதான். அனுப்பவில்லை என்றால், எல்லோருக்கும் மனப்பாடமான படத்து வசனத்தை எடுக்காதீர்கள். பார்க்கிறவர் மனதில் அந்த நடிகர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார், உங்களைப் பார்க்கவே மாட்டார். கதறி அழுவது, குடித்துவிட்டு உளறுவது, நீதிமன்றத்தில் கர்ஜிப்பது, இவையும் வேண்டாம். ஒருவரிடம் ஒருவர் ஏதோ கேட்கிறார், மற்றவர் கொடுக்க மறுக்கிறார். அப்படி ஒரு சின்னக் காட்சியை நீங்களே எழுதிக்கொள்ளலாம். இதோ ஒன்று: வாடகை பாக்கி வைத்த பையனிடம் வீட்டு ஓனர் பேசுகிறார். பையன் நீங்கள், ஓனர் வரிகளை எதிரில் நின்று வேறொருவர் படிப்பார்.

[திரையில் வசனம்:]

ஓனர்: தேதி எட்டு ஆயிடுச்சு தம்பி.
நீங்கள்: தெரியும்ணே. சம்பளம் இன்னும் போடல.
ஓனர்: போன மாசமும் இதத்தான் சொன்ன.
நீங்கள்: திங்கக்கெழம குடுத்துர்றேன்ணே. கண்டிப்பா.
ஓனர்: உங்க அம்மாகிட்ட பேசினேன்.
நீங்கள்: அம்மாகிட்ட எதுக்குண்ணே?

ஒரு தாளில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இவனுக்கு என்ன வேண்டும்? நாலு நாள் அவகாசம். எதை மறைக்கிறான்? வேலை போனது வீட்டுக்குத் தெரியாது. "சோகமாகப் பேச வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். சோகத்தை நேரடியாக நடிக்கப் போனால் குரல் இழுபடும், புருவம் சுருங்கும், அவ்வளவுதான் நடக்கும். அவகாசம் கேட்பதை நடிக்கலாம். அது ஒரு செயல். மறைப்பதும் ஒரு செயல்.

இப்போது ஐந்தாவது வரியைக் கவனியுங்கள். புதிதாக நடிப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். ஓனர் அம்மா பேச்சை எடுக்கப்போகிறார் என்பது நடிப்பவருக்குத் தெரியும். அந்தப் பையனுக்குத் தெரியாது. ஓனர் வாயைத் திறக்கும் முன்பே முகம் வாடிவிட்டால் காட்சி செத்துவிட்டது. இன்னொரு தவறு, ஓனர் முழு வரியையும் முடிக்கும்வரை சும்மா நின்றுவிட்டு, தன் முறை வந்ததும் அதிர்ச்சி அடைவது. "அம்மா" என்ற சொல் காதில் விழுகிற நொடியில்தான் கண் மாற வேண்டும். மீதி வரி ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கணக்கு நடக்கிறது: என்ன சொல்லியிருப்பார், அம்மா என்ன கேட்டிருப்பாள்?

இதற்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. ஓனர் வரியைப் படிக்கிறவரிடம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். ஒருமுறை சாதாரணமாக, ஒருமுறை நடுவில் நிறுத்தி, ஒருமுறை "ஒங்கம்மா போன் பண்ணாங்க" என்று. அடுத்து என்ன வரும் என்று தெரியாதபோது காது தானாக விழித்துக்கொள்ளும். கேமரா பிடிப்பது அந்தக் கவனத்தைத்தான்.

வசனத்தை மனப்பாடம் செய்யும்போது ஏற்ற இறக்கம் இல்லாமல் தட்டையாகச் சொல்லிப் படியுங்கள். துணி மடித்துக்கொண்டே, பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லுங்கள். ராகம் போட்டு மனப்பாடம் செய்தால் அந்த ராகம் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். பிறகு இயக்குநர் "வேற மாதிரி பண்ணுங்க" என்றாலும் பழையதுதான் வரும். ஆடிஷன் அறைகளில் அடிக்கடி நடப்பது இது. அவர்கள் வேறு மாதிரி கேட்பதே உங்களால் மாற்ற முடிகிறதா என்று பார்க்கத்தான்.

[திரையில்: அறையின் அமைப்பு. ஜன்னல், நடிகர், போன், எதிரில் படிப்பவர்.]

சரி, போன். முன்பக்க கேமராவை விட்டுவிட்டுப் பின்பக்கத்தை எடுங்கள். போனைப் படுக்கைவாட்டில் வைத்து, வீடியோ தரத்தை 1080பி-யில் அமையுங்கள். உயரம் உங்கள் கண் மட்டம். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் அலமாரியும் நாலு புத்தகமும் போதும். தூரம் ஐந்தாறு அடி இருக்கட்டும். கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால் மூக்கு பெரிதாகவும் காது பின்வாங்கியும் தெரியும். சட்டகத்தில் தலைக்கு மேல் கொஞ்சம் இடம், கீழே மார்பு வரை. போன் திரையில் தெரியும் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் அசையும்போதெல்லாம் படம் இருண்டு வெளுக்கும்.

பகல் ஜன்னல் வெளிச்சம்தான் சிறந்தது. ஜன்னல் உங்கள் முன்னால் இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கரிக்கட்டை ஆகிவிடும். இரவில் டியூப்லைட்டில் எடுக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த பழைய டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். போன் நொடிக்கு 30 ஃபிரேம் (படம்) என்று எடுக்கும்போது திரையில் கோடுகள் ஓடலாம். கேமரா செயலியில் 25 ஃபிரேமும் 1/50 நொடி ஷட்டர் வேகமும் வைக்க முடிந்தால் அந்தத் தொல்லை குறையும்.

உடை எளிமையாக, சுவரின் நிறத்திலிருந்து வேறுபட்டதாக இருக்கட்டும். நெருக்கமான கட்டம் போட்ட சட்டை திரையில் நெளியும். போலீஸ் பாத்திரம் என்பதற்காக வாடகைக்குக் காக்கி எடுக்க வேண்டாம்.

ஒலிதான் பலர் கோட்டை விடும் இடம். மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை, ஒரு நிமிஷம்தான். காலி அறையில் எதிரொலி வந்தால், சட்டகத்துக்கு வெளியே இரண்டு போர்வையைத் தொங்கவிடுங்கள். எதிரில் படிப்பவர் போனை ஒட்டி நிற்பதால் அவர் குரல்தான் மைக்கில் சத்தமாக விழும். அவரைத் தணித்துப் பேசச் சொல்லுங்கள். அவர் லென்ஸுக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில் நிற்க வேண்டும். ஓரமாகத் தள்ளி நின்றால் உங்கள் ஒரு கண்தான் தெரியும். நடிக்கும்போது லென்ஸைப் பார்க்காதீர்கள், அவரைப் பாருங்கள்.

லென்ஸை நேராகப் பார்க்க வேண்டியது அறிமுகத்தில் மட்டும். பெயர், வயது, உயரம், ஊர், பேசத் தெரிந்த மொழிகள். பிறகு இடது பக்கம், வலது பக்கம் திரும்பிக் காட்டுங்கள். மொத்தம் இருபது விநாடிக்குள் முடியட்டும். நெல்லைத் தமிழோ கொங்குத் தமிழோ உங்கள் வாயில் இயல்பாக வரும் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். அது பெரிய தகுதி. தெரியாத நீச்சலையும் புல்லட் ஓட்டுவதையும் தெரியும் என்று சொல்லாதீர்கள், படப்பிடிப்பில் உயிர் விஷயமாகிவிடும்.

நாலைந்து டேக் எடுத்து, ஒன்றே ஒன்றை அனுப்புங்கள். இசை, ஃபில்டர், ஸ்லோமோஷன் எதுவும் சேர்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கூகுள் டிரைவ் லிங்க் என்றால் "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று மாற்றிவிட்டு, வேறொருவர் போனில் திறக்கிறதா என்று சரிபாருங்கள். பூட்டிய லிங்க்குக்கு அனுமதி கேட்டுக் காத்திருக்க யாருக்கும் நேரம் இல்லை. கோப்பின் பெயரில் உங்கள் பெயர், வயது, பாத்திரம் மூன்றும் இருக்கட்டும்.

[திரையில்: பெரிய எழுத்தில் "ஆடிஷனுக்குக் கட்டணம் கிடையாது".]

இதை அழுத்தமாகச் சொல்கிறோம். பதிவுக் கட்டணம், உறுப்பினர் அட்டை, "எங்கள் ஸ்டுடியோவில்தான் போர்ட்ஃபோலியோ எடுக்க வேண்டும்" என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் விலகுங்கள். பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அழைத்தால், அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தில் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நேரில் போவது பகலில், அலுவலகத்துக்கு, துணைக்கு ஒருவருடன். ஹோட்டல் அறைக்கு வரச் சொன்னால் போகவே போகாதீர்கள். அந்த வாய்ப்பு போனால் போகட்டும்.

வீடியோ அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் உடம்பையும் குரலையும் வளர்க்க நாடகத்தைவிட நல்ல இடம் இல்லை. ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்ற நடிகர்கள் வந்தார்கள். முறையாகப் படிக்க விரும்பினால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை இருக்கிறது. டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்று வருடப் படிப்பு, அங்கே பட்டமும் நாடக அனுபவமும் எதிர்பார்ப்பார்கள். இவற்றுக்கெல்லாம் போக முடியாதவர்கள் தினமும் பத்து நிமிடம் செய்தித்தாளைச் சத்தமாகப் படியுங்கள். ழ, ள, ல மூன்றும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பதிவு செய்து பாருங்கள். டப்பிங் தியேட்டரில் அது உங்களைக் காப்பாற்றும்.

இன்னொரு வழி, விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்களும் திரைப்படக் கல்லூரி மாணவர்களும் எடுக்கும் குறும்படங்கள். அவர்களுக்கு நடிகர்கள் எப்போதும் தேவை. சம்பளம் இருக்காது, சாப்பாடும் பயணச் செலவும் கிடைத்தால் நல்லது. ஒப்புக்கொள்ளும்போதே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: எடிட் முடிந்ததும் நீங்கள் வரும் காட்சிகளின் பிரதி. தலைப்பு, இசை எல்லாம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், வெட்டி ஒட்டிய நிலையிலேயே வாங்கிவிடுங்கள். பல குறும்படங்கள் அந்தக் கட்டத்திலேயே நின்றுபோய்விடுகின்றன.