குச்சி வேர் பிடிக்க ஆக்சின்

நேயர்களுக்கு வணக்கம். மல்லிகைக் குச்சி நட்டால் பாதிகூடத் தேறவில்லையே என்று நாற்று வளர்ப்பவர்கள் பலர் அலுத்துக்கொள்வார்கள். முதலில் குச்சியின் அடி வெட்டைப் பாருங்கள்.

செடியின் நுனிக் குருத்தில் ஆக்சின் என்ற ஹார்மோன் சுரந்து, தண்டு வழியே கீழே இறங்குகிறது. குச்சியை வெட்டியதும், மேற்கொண்டு போக வழியில்லாமல் அடி வெட்டில் தேங்குகிறது. அங்கேதான் வேர் கிளம்புகிறது. குச்சியைத் தலைகீழாக நட்டாலும் ஆக்சின் தன் திசையை மாற்றிக்கொள்ளாது. அந்தரத்தில் நிற்கும் அடிமுனைக்கே போகும். மண்ணுக்குள் இருக்கும் முனை அழுகும். அதனால் வெட்டும்போதே அடையாளம் வையுங்கள். அடியில், கணுவுக்குச் சற்றுக் கீழே, சாய்வாக வெட்டுங்கள். மேலே நேராக வெட்டுங்கள். மறுபடி சொல்கிறேன்: அடி சாய்வு, மேல் நேர். கட்டுக் கட்டாக வெட்டிக் குவிக்கும் அவசரத்தில் எது தலை, எது கால் என்று வேறெப்படித் தெரியும்?

செடி தானே சுரக்கும் ஆக்சின் சீக்கிரம் சிதைந்துவிடும். ஆக்சின் வகை மருந்தான ஐ.பி.ஏ. (இண்டோல் பியூட்டிரிக் அமிலம்) நின்று வேலை செய்யும். 1935 முதலே இதன் வேர்விடச் செய்யும் திறன் தெரியும். பாதி முற்றிய குச்சிக்கு 1000 பி.பி.எம். போதும், அதாவது 100 மில்லி கரைசலுக்கு 100 மில்லிகிராம். நேரடியாகத் தண்ணீரில் போட்டால் கரையாது. 50 மில்லி எத்தில் ஆல்கஹாலில் கரைத்துவிட்டு, 50 மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கலங்கினால் மருந்து பிரிகிறது. இன்னும் சிறிது ஆல்கஹால் விட்டுத் தெளிய வையுங்கள். அடியில் ஓர் அங்குலம் மட்டும், ஐந்து முதல் பத்து விநாடி நனைத்தால் போதும். ஆல்கஹால் உலர்ந்தபின் நடுங்கள்.

நல்ல மருந்துதானே என்று அரை நாள் ஊறப்போட்டால் அடி கறுத்துப்போகும், மொட்டும் விழிக்காது. வேரைக் கிளப்பும் இதே ஆக்சின், அளவு மிஞ்சினால், கிளம்பிய வேரை நீளவிடாது. ஆகவே வேர்விட்ட நாற்றுக்கு மறுபடி ஊற்ற வேண்டாம். இளநீரில் ஊறவைப்பவர்களும் உண்டு. அதில் சைட்டோகைனின் என்ற வேறொரு ஹார்மோன் இருக்கிறது. மொட்டைத் தூண்டுவதுதான் அதன் முக்கிய வேலை, வேருக்கு அதை நம்ப முடியாது.

பருத்தி போட்டிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ரகமானால் 15-ஆவது கணுவுக்கு மேலும், வீரிய ஒட்டானால் 20-ஆவது கணுவுக்கு மேலும் நுனியைக் கிள்ளுங்கள். நுனியிலிருந்து ஆக்சின் வருவது நின்றதும் பக்கக் கிளை எழும்பும். நன்றி, வணக்கம்.