சண்டை நடக்கறப்ப பாட்டு எதுக்குங்க?

(தொடக்கம்: ஸ்கிரீன் இருட்டு, உடுக்கை சத்தம் மட்டும்)

வணக்கமுங்க. டிவில குண்டு விழுந்த ஊரக் காட்டிட்டு இருந்தாங்க, அப்ப எங்க சித்தப்பா கேட்டாரு, “ஏங்கண்ணு, சோத்துக்கே வழியில்லாத எடத்துல உக்காந்து கவிதை எழுதறாங்க, படம் வரையறாங்கன்னு சொல்றியே, அதுல ஒரு குண்டாவது நிக்குமா?” அவரு தறி ஓட்டறவரு, எதப் பாத்தாலும் இதுல என்ன பிரயோஜனம்னுதான் மொதல்ல கேப்பாரு, அன்னைக்கு என்னால பதில் சொல்ல முடியல, அதுக்குத்தான் இந்த வீடியோ.

குண்டு நிக்காதுங்க. அத ஒத்துக்கிட்டே ஆரம்பிக்கறேன்.

(ஸ்கிரீன்ல: புறநானூறு, 46வது பாட்டு)

ஆனா ஒருக்கா யானை நின்னுருக்கு. சோழன் கிள்ளிவளவன், எதிரி மலையமானோட சின்னப் பசங்கள யானைக்கால்ல போடறதுக்குக் கொண்டாந்து நிறுத்திட்டான். கோவூர் கிழார்ங்கற புலவர் அங்க போயி பாடறாரு. ஒரு புறாவோட கஷ்டத்தத் தீத்தவன் வம்சம் நீயின்னு ஆரம்பிச்சு, அப்படியே அந்தக் கொழந்தைங்கள காட்டறாரு, யானையப் பாத்ததும் அழுகைய மறந்துட்டாங்க, சுத்தி நிக்கற கூட்டத்தப் பாத்துதான் இப்ப மிரளறாங்க, நான் சொன்னதக் கேட்டுட்ட, இனி உன் இஷ்டம்னு முடிச்சுடறாரு. பசங்க பொழச்சாங்கன்னு பாட்டுக்குக் கீழ இருக்கற பழைய குறிப்பு சொல்லுது. எனக்கு அந்த அழுகைய மறந்த மூஞ்சிதாங்க கண்ணுலயே நிக்குது. அதுவரைக்கும் ராஜாவுக்கு அவங்க எதிரியோட வாரிசு, அவ்வளவுதான். புலவர் சொன்னதுக்கப்புறம், யானைய வேடிக்கை பாக்கற கொழந்தைங்க.

அதே புறநானூறுல போருக்கு உசுப்பேத்தற பாட்டும் நெறைய இருக்கு, அத மறைக்கக் கூடாது.

(ஸ்கிரீன்ல: லெனின்கிராட், 1942 ஆகஸ்ட் 9)

ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன் படை சுத்தி வளைச்சு, பசியிலயே லட்சக்கணக்கான சனம் செத்துப்போன ரஷ்ய ஊரு. ரேடியோ இசைக்குழுவுல பாதிப்பேருக்கு மேல வாசிக்கற நெலமையில இல்ல, அதனால போர்முனையில இருந்து வாசிக்கத் தெரிஞ்ச சிப்பாய்ங்கள வரவச்சு ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சோட 7வது சிம்பொனிய வாசிச்சாங்க, லவுட்ஸ்பீக்கர் வழியா ஊர் பூராம் கேட்டுச்சு, எதிரி பக்கமும் கேட்டுச்சு. முற்றுகை அதுக்கப்புறமும் ஒன்றர வருசம் நீடிச்சது.

(ஸ்கிரீன்ல: யாழ்ப்பாண நூலகம்)

இதத்தான் நான் நெறைய சொல்ல ஆசப்படறேன். இலங்கையில இருக்கற இந்த நூலகத்த 1981 மே 31 ராத்திரி தொடங்கி எரிச்சாங்க, ஏறக்குறைய 97,000 புஸ்தகம், ஓலைச்சுவடியெல்லாம் சேத்து. இலங்கைக் கவிஞர் எம்.ஏ.நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ன்னு ஒரு கவிதை எழுதுனாரு. அதுல சிவில் உடுப்புல வந்த போலீஸ் புத்தரச் சுட்டுடறாங்க, நூலகப் படிக்கட்டுக்கிட்ட பொணமாக் கெடக்காரு, அப்பறம் அந்தப் புஸ்தகங்களால அவர மூடி எரிக்கறாங்க, புத்தரோட போதனை இருக்கற தம்மபதமும் கூடவே சாம்பலாகுது. 97,000ங்கற நம்பர் எனக்கு ரெண்டு தடவ மறந்து போச்சு, திரும்பத் தேடிப் பாத்துதான் சொல்றேன். அந்தப் படிக்கட்டு மறக்கவே இல்ல. எவ்வளவோ தூரத்துல நடந்ததுன்னு நெனச்சுறாதீங்க, அப்பறம் இலங்கையில நடந்த போருக்குத் தப்பி வந்தவங்க நம்ம பவானிசாகர் முகாம்லயே இருக்காங்க.

(ஸ்கிரீன்ல: கோயில் திடல், ராத்திரி. உடுக்கை சத்தம் ஏறுது)

சித்தப்பாவுக்கு வருவோம். எங்க பக்கம் அண்ணமார் கதை பாடறப்ப அவரு ஒரு ராத்திரி விடமாட்டாரு. அந்தக் கதையில அண்ணன் தம்பி பொன்னரும் சங்கரும் சாகப்போறாங்கன்னு ஊருக்கே தெரியும். படுகளத்தன்னைக்கு ஆளுங்க பொணமாட்டம் சாஞ்சு கெடப்பாங்க, பொம்பளைங்க ஒப்பாரி வெப்பாங்க, அப்பறம் அவங்க தங்கச்சி தங்காள் வந்து தீர்த்தம் தெளிச்சு ஒவ்வொருத்தரா எழுப்பணும். எப்பவோ நடந்த சண்டைங்க அது. ஆனாலும் மொத ஆளு கண்ணு முழிக்கற வரைக்கும் சித்தப்பா உக்கார மாட்டாரு, துண்டால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு நின்னுக்கிட்டேதான் இருப்பாரு.