கூந்தலுக்கும் வேண்டும் சட்டம்

நடுவர் அவர்களே, வணக்கம். வெள்ளையர் நிறைந்த அமெரிக்க அலுவலகத்தில் கறுப்பினப் பெண் தன் அடையாளத்தோடு வேலை பார்க்க வழிசெய்வது சட்டமா, மனமாற்றமா என்பது தலைப்பு. "சட்டம் போட்டால் மனசு மாறுமா? நல்ல மனசுள்ள ஒரு மேலாளர் போதுமே!" என்று கேட்டுக் கைத்தட்டல் வாங்கிவிட்டார் எதிரணித் தோழி. மனசு மாறாதுங்க, ஒத்துக்கொள்கிறேன். அது மாறும்வரை அந்தப் பெண் எங்கே போய் உட்காருவாள்?

2010. அலபாமா மாநிலம், மொபைல் நகரம். சாஸ்டிட்டி ஜோன்ஸ் என்ற பெண்ணுக்கு நேர்முகத் தேர்வு முடிந்து, வேலைக்கு எடுத்துக்கொண்டோம் என்றும் சொல்லியாகிவிட்டது. அப்புறம்தான் மனிதவள மேலாளர் அவருடைய ட்ரெட்லாக்ஸைப் பற்றிக் கேட்கிறார். நம் பேச்சில் சொன்னால் சடைசடையாகத் திரித்த முடி. இந்த மாதிரி முடி அலங்கோலமாகிவிடும், உங்களுடையதைச் சொல்லவில்லை, ஆனாலும் நான் சொல்வது உங்களுக்கே புரியும் என்று அவர் பேசியதாக வழக்கில் பதிவாகியிருக்கிறது. கவனித்தீர்களா, எவ்வளவு மரியாதை! எதிரணி தேடும் நல்ல மனசு அங்கேயே இருந்திருக்கிறது. முடியை வெட்ட மாட்டேன் என்றார் ஜோன்ஸ். வேலை போனது. அது என்ன வேலை தெரியுமா? வாடிக்கையாளர்களிடம் தொலைபேசியில் பேசுவது!

கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று பாண்டியன் சபையில் வாதாடிய கதை நம்மிடம் இருக்கிறது. அலபாமாவில், கூந்தல் அதன் இயல்பில் இருக்கலாமா என்பதே வழக்கு. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது? தோல் நிறத்தை மாற்ற முடியாது, சிகையலங்காரத்தை மாற்றலாம், ஆகவே இது இனப் பாகுபாடு ஆகாதாம். மாற்றலாம்தான். உச்சந்தலை எரிய எரிய ரிலாக்சர் என்ற ரசாயனத்தைப் பூசிச் சுருளை நிமிர்த்தலாம். வேர் வளர்ந்ததும் மறுபடி பூசலாம். இந்தச் செலவை எந்தச் சம்பளச் சீட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா?

சரி, சட்டமே கைவிட்டதே என்பீர்கள். கைவிட்டதுதான். ஓட்டை எங்கே என்று அப்போது தெரிந்தது, அடைத்தார்கள். 2019இல் கலிஃபோர்னியா 'கிரவுன்' சட்டம் கொண்டுவந்தது. முடியின் தன்மையும், பின்னலும் ட்ரெட்லாக்ஸும் போன்ற சிகைகளும் இனம் என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே வந்தன. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படிச் சட்டம் இருக்கிறது. இப்படிச் சட்டம் இல்லாத அலபாமா மாதிரி மாநிலங்களுக்கும் சேர்த்து நாடு முழுவதற்கும் ஒன்று வேண்டும் என்று 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை மசோதா நிறைவேற்றியது. மேலவையான செனட்டில் நின்றுபோனது.

அமெரிக்க ராணுவத்தைப் பாருங்கள். 2017இல் பெண் வீரர்களுக்கு ட்ரெட்லாக்ஸை அனுமதித்தது. எத்தனை தளபதிகளுக்கு மனசு மாறியதோ, யார் கண்டார்? விதி மாறியது, முடி பிழைத்தது.

நடுவர் மணியில் கைவைத்துவிட்டார். ஒரு கேள்வியோடு உட்காருகிறேன். அந்த மேலாளர் மனம் மாறும்வரை ஜோன்ஸுக்கு வீட்டு வாடகையை எதிரணியா கட்டும்?