ஸ்ட்ரோக்கை நீட்டுவதும் செலவைச் சுருக்குவதும்

நேயர்களுக்கு வணக்கம். எஞ்சினின் இழுவையைக் கூட்டப் பல வழிகள் உண்டு. அவற்றுள், சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் உடலாகிய பிளாக்கை மாற்றாமல் வைத்துக்கொண்டு, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமாகிய ஸ்ட்ரோக்கை நீட்டிக் கொள்ளளவைப் பெருக்கும் வழியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். சிலிண்டரின் உள்விட்டமாகிய போரை ஓரளவுக்கு மேல் பெருக்கினால் சிலிண்டர் சுவர் மெலிந்துவிடும்; ஸ்ட்ரோக்குக்கோ, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டாகிய கிராங்க்கை மாற்றினால் போதும் என்பார்கள். அந்தப் 'போதும்' என்ற சொல்லை நம்பித்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

பலரும் அறிந்த செவர்லே 350 வி8 எஞ்சினையே எடுத்துக்கொள்வோம் (350 என்பது கன அங்குலக் கொள்ளளவு). அதன் போர் 101.6 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.4 மில்லிமீட்டர். அதே குடும்பத்தைச் சேர்ந்த 400 எஞ்சினின் கிராங்க் 95.25 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் தரும். ஆனால் அந்தக் கிராங்க் பிளாக்கில் அமர்ந்து சுழலும் பகுதிகளாகிய மெயின் ஜர்னல்கள் பருமனானவை என்பதால், 2.65 அங்குல விட்டத்தை 2.45 அங்குலமாகக் கடைந்து குறைத்தால்தான் 350 பிளாக்கில் உட்காரும். போரையும் 0.030 அங்குலம் பெருக்கினால் 383 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.3 லிட்டர் கிடைக்கிறது. பழைய கிராங்க் வாங்குபவர்கள் அதற்குரிய டேம்பரையும் (கிராங்க்கின் முன்முனையில் அதிர்வைத் தணிப்பது) ஃப்ளைவீலையும் (பின்முனையில் உள்ள கனத்த சக்கரம்) சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும். 400-இன் சமன் எடையில் ஒரு பகுதி அவற்றில்தான் இருக்கிறது.

ஸ்ட்ரோக் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீண்டால், பிஸ்டன் அதில் பாதியளவு மேலே ஏறி வரும். ஆகவே, பிஸ்டனை ராடோடு (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) பிணைக்கும் ஊசிக்கான துளை மேலே அமைந்த பிஸ்டனோ, குட்டையான ராடோ தேவைப்படும். கீழே சிக்கல் இன்னும் பெரிது. ராடின் போல்ட் தலை பிளாக்கின் அடிவிளிம்பிலும், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டிலும் உரசக்கூடும். நான் முதன்முதலில் கோத்த எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தபோது, முக்கால் சுற்றில் 'டிக்' என்று ஒரு சிறு ஓசையுடன் கிராங்க் நின்றது. விளக்கைப் பிடித்துப் பார்த்தால், போல்ட் தலை பட்ட இடத்தில் நகக்கீறல் போல ஒரு பளபளப்பு. எல்லாவற்றையும் கழற்றி, அந்த இடத்தைத் தேய்த்து, மறுபடி கோத்து, மறுபடி சுற்றினேன். குறைந்தது 1.5 மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இதைச் செய்துதான் ஆக வேண்டும். பொறுமையைத் தவிர இதற்கு வேறு செலவில்லை. பலர் தவிர்ப்பதும் இதைத்தான்.

பிஸ்டன் அடியில் இருக்கும்போது சிலிண்டரில் உள்ள இடம், அது உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடத்தைப் போல எத்தனை மடங்கு என்பதே அழுத்த விகிதம்; அதையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எரிவறையில் மிஞ்சும் இடம் 80 சிசி என்றால், பழைய சிலிண்டரில் ஏறத்தாழ 10-ஆக இருந்த விகிதம் புதியதில் 10.8-ஆகிவிடும். சாதாரண பெட்ரோலில் ஓட்டுபவர், எரிபொருள் தானாகவே வெடித்துத் தட்டும் நாக்கிங் வராமலிருக்க, தலையில் குழிவுள்ள பிஸ்டனைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ராடுகளைப் பழையவையே பயன்படுத்தலாம். விரிசல் சோதனையும் புதிய போல்ட்டுகளும் அவசியம். பெயின்ட், குரோம் மூடி ஆகியவற்றை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்து, அந்தப் பணத்தைச் கிராங்க்கைச் சமன் செய்யும் வேலைக்கும், சிலிண்டர்களின் மேல் அமர்ந்து காற்றுக்கு வழிவிடும் ஹெட்டுக்கும் ஒதுக்குங்கள். கூடிய கொள்ளளவுக்கு ஏற்பக் காற்றை விடாத ஹெட்டை மாட்டினால், கீழ் வேகத்தில் இழுவை தெரியும். மேல் வேகத்தில் எஞ்சின் மூச்சுத் திணறும்.