சோதனையில் தெரியாத சூதாட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

கோகைன், மெத்தம்பெட்டமைன் போன்றவை ஆளை மந்தமாக்கும் போதைகள் அல்ல. பசியையும் தூக்கத்தையும் விரட்டி, மனத்தை முடுக்கிவிடுபவை. இவற்றுக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை தரும் இடங்களில் பல நேரம் கேட்கப்படாமலே போகும் ஒரு விஷயம் இருக்கிறது. "பணம் வைத்து ஆடுகிறீர்களா?" என்பதுதான் அது. இதைக் கேட்காமல் விடுவது ஆபத்து. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்த இரண்டுக்கும் என்ன உறவு? மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. எது நமக்கு வேண்டும், எதைத் தேடிப் போகவேண்டும் என்ற உந்துதலில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சுரந்த டோபமைன் நரம்பணுவுக்குள் திரும்பிப் போகாதபடி கோகைன் தடுக்கிறது. மெத்தம்பெட்டமைன் அதை அளவுக்கு மீறி வெளியே கொட்ட வைக்கிறது. சூதாட்டத்தில் எந்தப் பொருளும் உடம்புக்குள் போவதில்லை. ஆனாலும் பரிசு வருமா, வராதா என்ற தவிப்பு அதே டோபமைன் பாதையைத்தான் கிளறுகிறது. ஒரே ஒரு எண்ணில் பரிசு தவறிப்போனால் அதுவும் தோல்விதான். ஆனால் ஆடுபவருக்கு அது தோல்வியாகத் தோன்றாது, இன்னும் ஒரு ஆட்டம் போடச் சொல்லும்.

பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிராமிபெக்சோல் என்ற மருந்து டோபமைனைப் போல வேலை செய்கிறது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலர், அதுவரை சூதாட்டப் பக்கமே போகாதவர்கள்கூட, கட்டுக்கடங்காமல் ஆட ஆரம்பித்தார்கள். மருத்துவர் மருந்தைக் குறைத்ததும் பலருக்கு அந்த வேகம் தணிந்தது. இது தெரிந்த பிறகும் சூதாட்ட அடிமைத்தனத்தை வெறும் ஒழுக்கக்கேடு என்று பேசுவது நியாயமே இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் தன் கையேட்டை 2013இல் திருத்தியபோது, சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் கோளாறுகளோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்தது.

சரி, போதைப்பொருளை நிறுத்திவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். முதல் சில வாரங்கள் மிகவும் கொடுமையானவை. எதிலும் ருசி இருக்காது. சோர்வு, எரிச்சல், இருண்ட மனநிலை. கையிலோ போன் இருக்கிறது, அதில் பந்தயச் செயலி இருக்கிறது. சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வருகிறது, வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். சூதாட்டம் எந்தச் சோதனையிலும் தெரியாது. கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நின்ற பிறகுதான் விஷயமே வெளியே வருகிறது. தோற்ற பணம், கடன், சொன்ன பொய்கள், இவற்றோடு ஏற்கெனவே இருக்கும் மனச்சோர்வும் சேர்ந்தால் தற்கொலை எண்ணம் வரக்கூடும். இன்னொரு பக்கம், ஜெயித்த பணம் கைக்கு வந்ததும் பழைய போதைக்கே திரும்பிவிடுபவர்களும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்க நீண்ட பரிசோதனை தேவையில்லை. ஆய்வாளர்கள் வகுத்த இரண்டே கேள்விகள் இருக்கின்றன. மேலும் மேலும் அதிகப் பணம் வைத்து ஆடவேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? எவ்வளவு ஆடினீர்கள் என்பதை நெருங்கியவர்களிடம் பொய் சொல்லி மறைத்திருக்கிறீர்களா? ஒன்றுக்கு "ஆம்" என்று பதில் வந்தாலும் உட்கார்ந்து விரிவாகப் பேசவேண்டும்.

சிகிச்சையைப் பற்றி ஒரு செய்தி. கோகைன், மெத்தம்பெட்டமைன் போதைகளை விடுவதற்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்த மாத்திரை எதுவும் இல்லை. நன்றாகப் பலன் தந்திருப்பது பரிசு முறை. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர் நான்சி பெட்ரி இதற்கு ஒரு எளிய வடிவம் கொடுத்தார். பரிசோதனை சுத்தமாக வந்தால் நோயாளி ஒரு கிண்ணத்திலிருந்து சீட்டு எடுக்கலாம். 500 சீட்டுகளில் பாதியில் பாராட்டு மட்டும்தான். மீதியில் பெரும்பாலானவை சின்னப் பரிசுகள், ஒரே ஒரு சீட்டில் பெரிய பரிசு. கேட்டவுடனே கவலை வரும், இதுவே சூதாட்டத்தைப் பழக்கிவிடாதா? பெட்ரி சூதாட்டக் கோளாறையும் ஆராய்ந்தவர், அதனால் அந்தக் கேள்வியை அவர் தட்டிக்கழிக்கவில்லை. அவரும் சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இந்த முறையால் நோயாளிகளின் சூதாட்டம் கூடவில்லை என்று தெரிந்தது. இங்கே யாரும் சொந்தப் பணத்தைப் பணயம் வைப்பதில்லை, இழப்பதற்கு எதுவும் இல்லை. இருந்தாலும், ஏற்கெனவே சூதாட்டச் சிக்கல் உள்ளவருக்குச் சீட்டு எடுக்க வைப்பதைவிட, நிச்சயமான தொகைக்கு ஒரு கூப்பன் கொடுப்பதே சரி என்பது என் கருத்து.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கத்துவதாலோ, கடனை ரகசியமாக அடைத்துவிடுவதாலோ இது நிற்காது. அவர் சம்மதத்தோடு சில மாதங்களுக்கு ஏடிஎம் கார்டையும் பணப் பரிமாற்றச் செயலிகளையும் வேறு ஒருவர் பொறுப்பில் வையுங்கள். பந்தயச் செயலிகளை அவரே நீக்கட்டும். எண்ணங்களையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் சிகிச்சை இரண்டு அடிமைத்தனங்களுக்கும் உதவும், அதனால் இரண்டுக்கும் சேர்த்தே கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள், உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் எந்த நேரமும் 14416 என்ற எண்ணை, அதாவது அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணை, கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அழைக்கும்போது போதைப்பொருளைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், பணம் வைத்து ஆடியதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.